ஒன்பது பேருக்கு மட்டும் விடுமுறை

லாலாகுடா,
17-2-2026

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போனது, அப்பாவின் முழங்காலும் என் தொண்டையும் அதை ஒத்துக்கொள்ளாது, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். நீ அங்கே சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். பெர்கனில் மூன்று வாரமாக மழை விடவில்லை என்றாய், ஈரத் தலையோடு வெளியே போகாதே, போன வருஷம் பட்டது போதும். போனில் பேசாமல் இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். நீ திரையில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாலு தடவை ஆரம்பித்து நாலு தடவையும் சாம்பாரில் என்ன காய் போட்டேன் என்று சொல்லி முடித்துவிட்டேன். சிவஞானம் அங்கிளின் மகன் யோகேஷ் வெள்ளிக்கிழமை ஆஸ்லோவுக்குக் கிளம்புகிறான். பருப்புப் பொடியையும் இந்தக் கடிதத்தையும் அவனிடம் கொடுக்கிறேன், அங்கே போய் உனக்குத் தபாலில் அனுப்பிவிடுவான்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டையர் ஆகி நாலு வருஷம் ஆகியும் காலை ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி ஐந்தரைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால் அடுத்த வாரம் என்கிறார், அந்த அடுத்த வாரம் நவம்பரில் இருந்து வந்துகொண்டே இருக்கிறது. நீ என்ன படிக்கிறாய் என்று யார் கேட்டாலும், உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் எப்படிப் படிக்கிறார்கள் என்று எங்கள் மகள் கணக்கெடுக்கிறாள் என்று சொல்கிறார். உன் கட்டுரையை நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். பாதி புரிந்தது, புரிந்த பாதி நன்றாக இருந்தது.

என் ஸ்கூல் எப்படிப் போகிறது என்று நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், நானும் போகிறது என்கிறேன். ஐம்பத்தெட்டில் அனுப்பிவிடுவார்கள், எனக்கு இன்னும் ஒரு வருஷம் சொச்சம் இருக்கிறது. இந்த வருஷம் மட்டும் ஆறு ஆன்லைன் பயிற்சி. ஒன்றில் ஒரு பெண் சிரித்த முகமாக, பிள்ளையிடம் தப்பு என்று சொல்லாதீர்கள், இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள் என்றாள். நல்ல வார்த்தைதான், நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் முப்பத்தெட்டுப் பேருக்கு நாற்பது நிமிஷம் என்றால் ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஒழுங்காக வருவதில்லை, அதிலேயே அட்டெண்டன்ஸும் எடுக்க வேண்டும். பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துப் போட்டோ எடுத்துப் போர்ட்டலில் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றியதும் பெஞ்சைப் பழையபடி திருப்பிப் போட்டு போர்டில் எழுதிப் போட ஆரம்பிக்கிறோம், இல்லாவிட்டால் பாடம் முடியாது. தாய்மொழியில் ஆரம்பிக்க வேண்டும் என்று புதுக் கொள்கையில் இருக்கிறது, என் வகுப்பில் தெலுங்கு, உருது, இந்தி, ஒரியா, தமிழ் என்று ஐந்து தாய்மொழி. ஐந்து மொழித் தாய்மார்களும் இங்கிலீஷ்தான் வேண்டும் என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஃபெயில் போடலாமா கூடாதா என்று ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவை மூடும்வரை சண்டை நடக்கிறது, மூடியதும் எல்லோரும் எழுந்து அவரவர் வகுப்புக்குப் போய்விடுகிறோம். நீ அங்கே கருத்தரங்கில் பேசுகிற எல்லாமே இங்கே எங்கள் மேஜைக்கும் வருகிறதடி, சர்க்குலராக வருகிறது.

பல நாடுகள் சேர்ந்து நடத்துகிற அந்தக் கற்றல் தேர்வு எங்கள் ஸ்கூலுக்கு வந்தது உனக்குத் தெரியும். சங்கராந்தி லீவு முடிந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. என் எட்டாம் வகுப்பைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்றைக்கே நீ போன் பண்ணி எப்படிப் போச்சும்மா என்று கேட்டாய், நல்லா நடந்தது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். அது பொய். அந்த எண்களை வைத்துத்தான் நீ எழுதப் போகிறாய் என்று தெரிந்தும் சொன்ன பொய். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கோபப்படாமல் படி.

எங்கள் பிரின்சிபால் ரகுநாதன் சார் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வரும் ஜூனில் இருந்து வெளிநாட்டு சிலபஸ் கொண்டுவந்து ஸ்கூல் பெயரோடு குளோபல் என்று சேர்க்கப் போகிறது நிர்வாகம், போர்டு எழுதக்கூடக் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தேர்வின் முடிவைத்தான் விளம்பரத்தில் போடுவதாக இருந்தார்கள். டிசம்பர் முழுக்க மாதிரிக் கேள்விகளாக வந்து குவிந்தன. எல்லாம் யோசித்துப் போட வேண்டிய கேள்விகள். அந்த யோசிக்கிற கேள்விகளுக்கும் விடையை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தோம், எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்க நேரமில்லை. தேர்வுக்கு முதல் நாள் மதியம் சார் என்னைக் கூப்பிட்டு, வகுப்பில் கடைசி ஒன்பது பேரின் பெயரை எழுதித் தரச் சொன்னார். அரையாண்டு மார்க்கைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்கள் எழுதினால் போதும் என்பது விதி, அதனால் இந்த ஒன்பது பேரும் வீட்டில் இருக்கட்டும் என்றார். "மேடம், நாம யாரையும் அடிக்கலை, ஃபெயில் பண்ணலை. ஒரு நாள் வீட்ல இருக்கச் சொல்றோம், அவ்வளவுதான். நான் போன் பண்ணா ஏன்னு கேப்பாங்க. நீங்க பண்ணா கேக்க மாட்டாங்க" என்றார்.

அது உண்மைதான், ஷர்மி. கேட்கவில்லை. ஸ்கூல் விட்டதும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாக, தெலுங்கில் நாலு, இந்தியில் நாலு, தமிழில் ஒன்று என்று பேசினேன். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு லீவு, அனுப்ப வேண்டாம். சரி மேடம், தேங்க்ஸ் மேடம். எட்டு வீட்டில் அதுதான் பதில். ஒருவர், பிள்ளையை ஞாபகம் வைத்துக்கொண்டு போன் பண்ணுகிறீர்களே என்று நன்றிகூடச் சொன்னார். நஸ்ரின் என்கிற பெண்ணின் அம்மா மட்டும் "கைக்கு மேடம்?" என்று கேட்டார், அவர்கள் இந்தியில் எதற்கு என்று. சும்மாதான் அம்மா, ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றேன். முப்பத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை வரச் சொல்லிச் சொல்லியே தொண்டை போனவள் நான், வராதே என்று சொல்ல எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா.

மறுநாள் காலை எட்டரைக்கு நஸ்ரின் கேட்டில் நிற்கிறாள். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின சடை, கையில் ஜியோமெட்ரி பாக்ஸ். லீவு என்று அம்மா சொன்னாள், ஆனால் உலகம் முழுக்க எழுதுகிற டெஸ்ட் என்று வகுப்பில் பேசிக்கொண்டார்களே, அதுதான் வந்துவிட்டேன் என்றாள். சார் என்னைப் பார்த்தார். லைப்ரரியில உக்கார வைங்க மேடம் என்றார், மெதுவாகத்தான் சொன்னார். நான் அவள் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போய் லைப்ரரியில் உட்கார வைத்து, படித்துக்கொண்டிரு, கூப்பிடுகிறேன் என்றேன். திரும்பி வந்து ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராக ஆப்சென்ட் போட்டேன். இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு. தேர்வு நடத்த வந்திருந்தது சௌம்யா என்று ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். ஒன்பது பேரா ஆப்சென்ட் என்று கேட்டாள். வைரல் ஃபீவர் என்றார் சார். அவள் என்னைப் பார்த்து, க்ளாஸ் டீச்சர் நீங்கதானே மேடம், இங்க ஒரு சைன் என்று தாளை நீட்டினாள். போட்டேன். வழக்கமான என் கையெழுத்துதான்.

இடைவேளையில் லைப்ரரிக்குப் போனேன். கொடுத்த புத்தகம் முதல் பக்கத்திலேயே திறந்திருந்தது, ஜியோமெட்ரி பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில், "எனக்கு வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்று கேட்டாள். இந்தியில் கேட்டாள். தெரியாது என்பதுதான் நிஜம். டிசம்பரில் ஒரு மாதிரிக் கேள்வி வந்தது. ஏதோ வெளிநாட்டு ஊரில் டிராம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒன்று, பஸ் பதினெட்டு நிமிஷத்துக்கு ஒன்று, எட்டு மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்பினால் அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும் என்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் எந்த ஃபார்முலா மேடம் என்று கேட்டார்கள். இவள் மட்டும் டிராம் என்றால் என்ன என்று கேட்டாள். தண்டவாளத்தில் ஓடுகிற பஸ் மாதிரி என்றேன். விரலை மடக்கி நீட்டிப் பார்த்து எட்டு முப்பத்தாறு என்றாள். அவள் அப்பா மல்லாபூரில் ஒரு ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை, எந்த பஸ்ஸை விட்டால் எந்த பஸ் என்பது அந்த வீட்டில் தினமும் பேசுகிற பேச்சு. இங்கிலீஷில் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் திணறுவாள், மார்க் அங்கேதான் போகிறது. அன்றைக்கு அவள் சொன்ன எட்டு முப்பத்தாறை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, போர்ட்டலில் அதற்குக் கட்டமும் இல்லை. ஒன்பது பேரின் பட்டியலை எழுதும்போது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல் முடிந்ததும் பஸ் பிடித்து மல்லாபூருக்கு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள், அம்மா மட்டும் இருந்தார். என் உடைந்த இந்தியில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். லீவு என்று நான் சொன்னது பொய், மார்க் குறைந்துவிடும் என்று உங்கள் பெண்ணை எழுத விடவில்லை, அவள் வந்தும் விடவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். பிறகு, அவ நல்லா எழுதினேன்னு சொன்னாளே மேடம் என்றார். கேள்வியெல்லாம் ஈஸி என்று வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள், அவர் ஷிப்டில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டீ ஆறுது மேடம், குடிங்க என்றார். திட்டியிருந்தால் பஸ்ஸில் கொஞ்சம் நிம்மதியாக வந்திருப்பேன்.

இருபத்தாறாம் தேதி கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்த பிறகு சாரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். நடந்ததை நாலு வரியில் எழுதி, தேர்வு நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். படித்துவிட்டு அதை மடித்தார். "உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் மேடம். எனக்குப் பதினொரு வருஷம் இருக்கு, ரெண்டு பசங்க இருக்காங்க" என்றார். சத்தம் போடவில்லை, என்னைப் போலவே அவரும் தூங்கி நாளாகியிருக்கும் என்று தோன்றியது. அவர் அனுப்ப மாட்டார் என்று தெரிந்ததும் நானே இன்னொன்று எழுதி நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலில் இருந்த விலாசத்துக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார், சரி, சாப்பிட்டியா என்றார். பத்து நாள் கழித்து சௌம்யா போன் பண்ணினாள். எங்கள் ஸ்கூலை ஆய்வில் இருந்தே எடுத்துவிட்டார்களாம். அப்படியென்றால் ஒழுங்காக வந்து உட்கார்ந்து எழுதின இருபத்தொன்பது பேரின் தாளும் போயிற்று, அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்று கேட்டேன். ரூல் அப்படித்தான் மேடம், ஐ ஆம் ஸாரி என்றாள் பாவம். இப்போது எட்டாம் வகுப்பு என்னிடம் இல்லை, எனக்கு ஓய்வாக இருக்கட்டும் என்று மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வருஷக் கடைசியில் டீச்சரை மாற்றிவிட்டீர்களே என்று பழைய வகுப்புப் பெற்றோர் என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. குளோபல் போர்டு போன வாரம் மாட்டியாகிவிட்டது, இரவில் விளக்கு எரிகிற மாதிரி போர்டு.

இதைப் படித்துவிட்டு அம்மா துணிச்சல்காரி என்று யாரிடமும் சொல்லிவிடாதே. துணிச்சல் இருந்திருந்தால் அந்தச் சாயங்காலம் போனைக் கீழே வைத்திருப்பேன். கையெழுத்துப் போட்ட பிறகு செய்வதெல்லாம் அசதியில் செய்வதுதான். உன் எண்களில் எங்கள் ஸ்கூல் இருக்காது, மற்ற ஸ்கூல்களைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் நீ பார்க்கிற பட்டியலில் வராதவர்கள் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை அவசரமாகத் தாண்டிப் போகாதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன், சனிக்கிழமைக்கு ஒரு வீடு, அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. ஒரு வாரம் காய்ச்சலில் போயிற்று. இரண்டாவதாகப் போன வீட்டில் அந்தப் பையனின் அம்மாவுக்கு நான் எதற்கு வந்தேன் என்றே கடைசிவரை புரியவில்லை, லீவுக்குத்தான் அப்போதே தேங்க்ஸ் சொன்னேனே மேடம் என்றார். போன சனிக்கிழமை மெட்டுகுடாவில் தாரிணி வீட்டுக்குப் போனேன். நம் அரக்கோணம் பக்கத்து ஆட்கள், அவள் அப்பா ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை, பெயர் கிருஷ்ணகுமார். நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெண்ணுக்கு எதுவும் வராது என்று நானாக முடிவு செய்துவிட்டேன், அது தப்பு, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் பதறிப்போய், "அய்யோ, இதுக்கா மேடம் இவ்வளவு தூரம் வந்தீங்க? அவளுக்கு ஒண்ணும் வராதுன்னு எங்களுக்குத் தெரியுமே. நீங்க ஏன் மனசைப் போட்டு வருத்திக்கறீங்க" என்றார். எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார், ஷர்மி. தாரிணி உள் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அப்படிச் சொல்லாதீங்க என்று நான் எழுந்தேன். அவள்தான் என்னைப் பார்த்து, "பர்வாலேது மேடம்" என்றாள், பரவாயில்லை மேடம் என்று தெலுங்கில். காலை மிதித்துவிட்டு ஸாரி கேட்டால் சொல்வோமே, அந்த மாதிரி, சிரித்துக்கொண்டே சொன்னாள். பதின்மூன்று வயதுப் பெண். மூன்று நாளாக எனக்கு அந்த முகம்தான். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து உனக்கு எழுதிவிட்டேன்.

நாளைக்குத் திருநீற்றுப் புதன். உனக்குப் பக்கத்தில் கோவில் இருந்தால் ஒரு எட்டுப் போய் வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணு, தபசு என்று சொல்லிக்கொண்டு சாப்பிடாமல் மட்டும் கிடக்காதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் படிப்பும் உன் எழுத்தும் யாருக்காவது உபயோகப்படட்டும். அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தனியாக எழுதச் சொன்னால் கை வலி என்கிறார். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், சனிக்கிழமைகளில் நம் மதியத்துக்கு மேல் போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன். இன்னும் ஆறு வீடு இருக்கிறது.

உன் அன்பு அம்மா,
எலிசபெத் சூசைராஜ்